வன்னி வளவுக்குச் சின்னக் கோழி: எந்த இனம், எத்தனை, எப்படிப் பார்த்து வாங்குவது

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நகரை ஒட்டிய காணிகள் 15, 20 பேர்ச் துண்டுகளாகிவிட்டன. நடுவில் வீடு, பின்னால் கிணறு, இரண்டு தென்னை, ஒரு முருங்கை. மிச்சமிருக்கிற இடத்தில் முன்னைய மாதிரி இருபது ஊர்க்கோழியைத் திறந்துவிட்டால், பின்னேரத்துக்குள் அயல்வீட்டுக் கத்தரி நாற்று கிளறப்பட்டுக் கிடக்கும். இப்படியான வளவுக்குச் சின்ன உடம்புக் கோழிதான் சரி. ஆனால் சின்னக் கோழி எல்லாம் ஒன்றல்ல. இறகின் அழகையும் கால் குட்டையையும் பார்த்து வாங்கியவை மாரி மழையிலும் சோளகக் காற்றிலும் கீரியின் வாயிலும் போய்விடுகின்றன.

முதலில் முட்டைக் கணக்கு

முட்டை மட்டும்தான் தேவை என்றால் சின்ன இனம் வேண்டாம். கணக்கைப் பாருங்கள். பாண்டம் என்னும் சின்ன இனக் கோழியின் பேடு ஒன்று வருடத்துக்கு ஏறக்குறைய 80 முதல் 120 முட்டை இடும். ஒரு முட்டை 30 முதல் 40 கிராம்; கடை முட்டை 55 முதல் 60 கிராம். ஆறு பேடு சேர்ந்து 600 முட்டை இட்டாலும் நிறையில் அது 350 கடை முட்டைக்குச் சமம். நாளுக்கு 50 கிராம் தீன் என்று வைத்தால் ஆறுக்கும் வருடத்துக்கு 110 கிலோ போகும். முட்டைக்கென்றே வளர்க்கும் மண்ணிற லேயர் கோழி இரண்டு, 84 கிலோ தீனில் 550க்கு மேல் பெரிய முட்டை தந்துவிடும்.

அப்படியென்றால் சின்னக் கோழி எதற்கு? லேயர் அடைகிடக்காது, இரண்டு வருடத்தில் முட்டை குறைந்ததும் புதிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கடைத்தீன் இல்லாமல் நிற்காது. சின்னக் கோழி தானே அடைகிடந்து, தானே குஞ்சு வளர்த்து, வளவில் பூச்சியும் புல்லும் பொறுக்கி, தீன் செலவில் ஒரு பங்கைத் தானே தேடிக்கொள்ளும். சின்ன உடம்பு வெப்பத்தையும் கெதியாக வெளியேற்றும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்துத்தான் உடம்பைக் குளிர்த்தும். ஆனி, ஆடியில் நிழலிலேயே 35 பாகையைத் தொடும் மத்தியானத்தில் கனத்த கோழி செட்டையை விரித்துச் சோரும்போது, முக்கால் கிலோக் கோழி வேலியோரம் கிளறிக்கொண்டு நிற்கும்.

ஆகவே தேவையை முதலில் முடிவெடுங்கள். குஞ்சும் கொஞ்ச முட்டையும் வளவுக்கு ஓர் உயிரோட்டமும் வேண்டுமென்றால் தொடர்ந்து வாசியுங்கள். முட்டையும் வேண்டும், குஞ்சும் வேண்டும் என்பவர்கள் இரண்டு லேயரும் மூன்று சின்னப் பேடும் வைக்கலாம். ஆனால் லேயர் சின்னதுகளைக் கொத்தித் தள்ளும். தீன் சட்டியை இரண்டு இடத்தில் வையுங்கள்.

இனங்கள்

வன்னிக்கு முதலிடம் சின்ன உடம்பு ஊர்க்கோழிக்குத்தான். பேடு ஒரு கிலோவைச் சுற்றி நிற்கும் வழிகள் பல ஊர்களில் இருக்கின்றன. ஒரு முறைக்கு 12 முதல் 15 முட்டை இட்டு அடைக்குப் போகும்; வருடத்தில் மூன்று, நான்கு முறை. முட்டை 40 கிராமுக்குக் கூட. பருந்தின் நிழலைக் கண்டதும் பற்றைக்குள் ஒதுங்கும் புத்தி அதற்கு இரத்தத்திலேயே இருக்கிறது. எந்த அழகுக் கோழியிடமும் அதை எதிர்பார்க்க முடியாது. ஊர்க்கோழியிலும் மொட்டைக்கழுத்து வகை கிடைத்தால் விடாதீர்கள். கழுத்தை வெறுமையாக்கும் அந்த மரபணு உடம்பு முழுவதும் இறகைக் குறைக்கிறது. இரண்டு பெற்றோரிடமிருந்தும் அதைப் பெற்ற கோழிக்கு இறகு ஏறக்குறைய 40 வீதம் குறைவு. கழுத்தின் முன்பக்கம் ஒரு சின்ன இறகுக் கொத்து இருந்தால் அது ஒரு பக்கத்திலிருந்துதான் பெற்றிருக்கிறது என்று அறியலாம். அதற்கும் வெப்பம் தாங்கும் பலன் உண்டு. பார்க்க அழகில்லை என்று சனம் ஒதுக்குவதால் வாங்குவதும் சுலபம்.

அடுத்தது பாண்டம். ஜாவாவின் பாந்தன் துறைமுகத்தின் பெயரால் வந்த சொல் இது. எங்கள் பக்கம் பாண்டம் என்று விற்பவற்றில் அநேகம் ஒரே இனமல்ல, பல சின்ன இனங்களின் கலப்பு. அது குறையல்ல, கலப்புக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி கூட. சேவல் 700, 800 கிராம், பேடு 600 கிராம் அளவில், இறகு உடம்போடு ஒட்டி, கால் வெறுமையாக இருப்பதைத் தெரியுங்கள். அடைகிடப்பதில் இதை மிஞ்ச ஆளில்லை. கௌதாரி நிறம், மண்ணிறம், கறுப்பு கலந்தவை நல்லது. வெள்ளைக் கோழி பச்சைப் புல்லில் பருந்துக்குத் தூரத்திலிருந்தே தெரியும்.

ஜப்பானியப் பாண்டம் என்னும் குட்டைக்கால் கோழியை வாங்குவோர் ஒரு விஷயத்தை அறிந்திருக்க வேண்டும். கால் குட்டையாக்கும் மரபணுவை இரண்டு பக்கத்திலிருந்தும் பெற்ற கரு முட்டைக்குள்ளேயே இறந்துவிடும். குட்டைக்கால் சேவலையும் குட்டைக்கால் பேட்டையும் சேர்த்தால், கருக்கூடிய எட்டு முட்டையில் சராசரியாக இரண்டு பொரிக்காது, நான்கு குட்டைக்கால், இரண்டு நீளக்கால். ‘அடை பழுதாகிவிட்டது’ என்று பேட்டைக் குறைசொல்வார்கள். குறை சோடியில் இருக்கிறது. ஒன்று குட்டைக்காலாகவும் மற்றது நீளக்காலாகவும் சேர்த்தால் அந்த இழப்பு இல்லை. ஆனால் இதன் வயிறு நிலத்தைத் தொடும். கார்த்திகையில் வளவு சேறாகும் வீட்டில் வைக்காதீர்கள்.

சில்க்கியைப் பிள்ளைகளுக்கு நல்ல விருப்பம். குணம் சாது, அடை உறுதி. மற்றக் கோழியின் முட்டைக்கும் தாயாக இருக்கும். ஆனால் அதன் இறகில் நார்களைக் கொளுவிப் பிடிக்கும் நுண்கொக்கிகள் இல்லாததால் மழை நீர் வழிந்தோடாது. நேராகத் தோலுக்குப் போகும். ஒரு மழை இரவு கூரையில்லாமல் நின்றால் காலையில் விறைத்துக் கிடக்கும். பறக்கவும் தெரியாது. முழுக் கூரையுள்ள அடைப்பில், உயரமான காய்ந்த தரையில் வைப்பவருக்கு மட்டும் சில்க்கி. பெக்கின் போன்று பாதம் வரை இறகுள்ள இனங்களுக்கும் இதே நியாயம்: சேறு ஒட்டிக் கட்டியாகும், அதற்குள் செதில்கால் உண்ணி குடியேறும். தலையில் பெரிய குடுமி உள்ளவற்றுக்கு மேலே பார்வை மறையும். பருந்துக்கு அது விருந்து.

மலேசியாவின் செரமா அரைக் கிலோவுக்குள் நிற்கும், உலகின் மிகச் சிறிய கோழி. அதைக் கூண்டுப் பறவையாக நினையுங்கள், வளவுக் கோழியாக அல்ல. காகமே குஞ்சைத் தூக்கிவிடும். செப்ரைற் பார்க்கச் சித்திரம் போலிருக்கும், ஆனால் கருக்கூடுவது குறைவு, குஞ்சும் நொய்ந்தது. சுருள் இறகுக் கோழியில் சுருளையும் சுருளையும் சேர்க்க வேண்டாம்: நாலில் ஒரு குஞ்சு இறகு முறிந்து முறிந்து மொட்டையாக வளரும். ஒரு சுருள், ஒரு சாதாரணம் என்று சேருங்கள். கடக்நாத் கருங்கோழியைச் சின்ன இனமென்று விற்றாலும் பேடே ஒன்றேகால் கிலோவுக்கு மேல் போகும், அடைகிடப்பதும் மோசம்.

வீட்டுக்குப் பின்னால் காடு தொடங்கும் இடங்களில் காட்டுச் சேவல் விடிய வளவுக்கு வரும். அது இலங்கைக்கே உரிய பறவை, நாட்டின் தேசியப் பறவை. பிடிப்பதோ முட்டை எடுத்து அடைவைப்பதோ சட்டப்படி குற்றம். வளவுக் கோழியின் நோய் அதற்கும் தொற்றும் என்பதால், செத்த கோழியைப் பற்றைக்குள் எறியாமல் இரண்டு அடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள்.

எத்தனை, எவ்வளவு இடம்

20 பேர்ச் காணிக்கு ஐந்து பேடும் ஒரு சேவலும் போதும். குஞ்சு வேண்டாமென்றால் சேவலே வேண்டாம். சேவல் இல்லாமலும் பேடு முட்டை இடும். பாண்டம் சேவலின் கூவல் மெல்லிதானாலும் கூர்மை. அயலில் கைக்குழந்தை உள்ள வீட்டுப் பக்கம் கூட்டை வைக்காதீர்கள். இரண்டு சேவலை ஐந்து பேட்டோடு விட்டால் பேடுகளின் முதுகு உரியும். ஊர்ச் சேவலைச் சின்னப் பாண்டம் பேட்டோடு விட்டாலும் அதே கதி. பாண்டம் சேவலை ஊர்ப்பேட்டோடு விடுவது பாதுகாப்பானது, குஞ்சும் நடுத்தர அளவில் வரும். நகர சபை, பிரதேச சபை எல்லைக்குள் இருந்தால் கூடு எல்லைவேலிக்கு எவ்வளவு தூரம் என்பதை முன்கூட்டியே அங்கே கேட்டுவிடுங்கள்.

இரவுக் கூட்டுக்குள் ஒரு பாண்டத்துக்கு இரண்டு சதுர அடி, ஊர்க்கோழிக்கு மூன்று, நான்கு. பகலில் அடைப்புக்குள்ளேயே நிற்பதானால் தலைக்கு ஐந்து சதுர அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் ஒன்றன் இறகை ஒன்று பிடுங்கும். ஆறு பாண்டத்துக்கு 4 அடி நீளம், 3 அடி அகலக் கூடு சரி. நிலத்திலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டினால் மழைவெள்ளமும் இல்லை, எச்சம் கீழே விழும், அள்ளி வாழைக்குப் போடலாம். நீளம் கிழக்கு மேற்காகப் போகட்டும். காலை வெயிலும் பின்னேர வெயிலும் ஒடுங்கிய பக்கத்தில்தான் விழும். ஐப்பசி தொடக்கம் தை வரை மழை வடகீழ்ப் பக்கமிருந்து சாய்ந்தடிக்கும். வடக்கு, கிழக்குப் பக்கங்களுக்குக் கிடுகுத் தட்டி ஒன்றைச் சுருட்டி இறக்கும்படி வையுங்கள். சோளகத்துக்குத் தென்மேற்கு மூலையில் கோழி உட்காரும் உயரம் வரை மறைப்புப் போதும்; மேல்பகுதி திறந்திருக்க வேண்டும். தகரக் கூரைமட்டும் போட்டால் கூடு அடுப்பாகும். தகரத்தின் மேல் கிடுகு அல்லது பனையோலை வேயுங்கள். ஓலையை உள்பக்கம் வைத்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

உட்காரும் தடி ஒன்றரை அங்குல மொத்தம், தலைக்கு 20 சென்ரிமீற்றர். சில்க்கி, குட்டைக்கால் இருந்தால் தடி ஓர் அடி உயரத்துக்கு மேல் போகக் கூடாது. முட்டைப்பெட்டி பத்து அங்குலச் சதுரம், மூன்று பேட்டுக்கு ஒன்று, தடியை விடத் தாழ்வாக. உயரமாக வைத்தால் பெட்டிக்குள்ளேயே படுத்து எச்சமிடும்.

கம்பி வலையில்தான் அநேகர் பிழைவிடுகிறார்கள். அறுகோணக் கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். கீரியை வெளியே வைக்காது. கீரி கண்ணிக்குள்ளால் வாயை விட்டுக் கழுத்தைப் பிடிக்கும், மரநாய் மெல்லிய கம்பியைக் கிழிக்கும், பாம்பு நுழைந்து முட்டையை விழுங்கும். நிலத்திலிருந்து இரண்டு அடி வரை அரை அங்குலக் கண்ணி ஒட்டுவலை (கம்பிகளை வெல்ட் செய்து ஒட்டிய வலை) போடுங்கள். பகல் அடைப்புக்கு அதற்கு மேல் சாதாரண வலை போதும்; இரவுக் கூட்டுக்கு முழுவதும் ஒட்டுவலைதான், மரநாயும் பாம்பும் ஏறும். அடைப்பைச் சுற்றி வலையை வெளிப்பக்கமாக ஓரடி மடித்து நிலத்தில் கிடத்தி, மேலே மண்ணும் கல்லும் போட்டால் நாயும் உடும்பும் தோண்டாது. கதவுக்குக் கயிறு கட்டாமல் கொளுக்கி போடுங்கள். பாண்டம் ஆறடி வேலியைச் சிரமமின்றித் தாண்டும். ஒரு செட்டையின் பத்து முதன்மை இறகுகளை மட்டும் பாதியில் வெட்டினால் சமநிலை தவறிப் பறக்காது. இரண்டையும் வெட்டினால் இன்னும் கொஞ்சம் பறக்கும். இறகு மாற்றத்தில் புதிது முளைக்கும், மீண்டும் வெட்ட வேண்டும். குருத்தில் இரத்தம் ஓடும் இளம் இறகை வெட்டாதீர்கள்.

வாங்கும் நேரமும் பார்வையும்

நல்ல காலம் மாசி, பங்குனி. மழை ஓய்ந்திருக்கும், காலபோக வெட்டு முடிந்து பதரும் குறுணலும் மலிவாகக் கிடைக்கும், வளவில் கறையானும் பூச்சியும் இருக்கும். மார்கழியில் குஞ்சு வாங்கினால் ஈரத்தோடும் நுளம்போடும் போராட வேண்டும்.

நான்கு, ஐந்து மாத விடலைகளை வாங்குவது புதியவருக்கு உகந்தது. ஆண் பெண் தெரியும், நொய்ந்த பருவம் கடந்திருக்கும். சந்தையில் அல்லாமல் வளர்க்கும் வீட்டிலேயே, பின்னேரம் கோழி அடையும் நேரத்தில் போய்ப் பாருங்கள். அந்த அமைதியில் மூச்சுக் கரகரப்பு காதில் விழும். தாய் தகப்பனைக் காட்டச் சொல்லுங்கள். குஞ்சாக இருக்கும்போது எல்லாம் சின்னதுதான். பாண்டம் என்று வாங்கிய குஞ்சு ஒன்றரைக் கிலோச் சேவலாக நிற்பது இப்படித்தான். சமையல் தராசு ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்துப் பாருங்கள்.

கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை: கண் தெளிவு, மூக்கில் நீரில்லாமை, நெஞ்செலும்பின் இரு பக்கமும் தசை. எலும்பு கத்தி விளிம்பு போலக் கையில் குத்தினால் புழுவோ நோயோ உண்டு. பின்பக்க இறகில் எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. அந்த இடத்து இறகை ஊதி விலக்கிப் பேன் முட்டை பாருங்கள். கால் செதில் அமர்ந்து மினுங்க வேண்டும். தூக்கிச் சொரசொரப்பாக நின்றால் செதில்கால் உண்ணி, அல்லது முதிர்ந்த கோழி.

வீட்டுக்கு வந்ததும் பழைய கோழிகளோடு விடாமல் மூன்று கிழமை தனியே வையுங்கள். பழையவற்றுக்கு முதலில் தீன் போட்டுவிட்டுப் பிறகுதான் புதியவற்றிடம் போங்கள். நோய் செருப்பிலும் கையிலும் நடந்து போகும்.

தீனில் கவனிக்க வேண்டியது

முட்டையிடும் பேட்டுக்கு நாளுக்கு 50 கிராம். அதில் பாதி லேயர் தீன், மிச்சம் குறுணல், சோளம், தவிடு, தேங்காய்ப் புண்ணாக்கு, முருங்கை இலை. குறுணலும் சோறும் மட்டும் போட்டால் கொழுக்கும், முட்டை நிற்கும். முட்டைக் கோது மெலிந்தால் முல்லைத்தீவுக் கரையில் கிடைக்கும் சிப்பியை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். தேவையானது தானே பொறுக்கும். கருவாட்டுத் தூள் புரதத்துக்கு நல்லது, ஆனால் உப்பிட்ட கருவாடு சின்னக் கோழிக்கு நஞ்சு. உப்பு ஏறிய கோழி தண்ணீரை விட்டு விலகாது, கழிந்து, தள்ளாடிச் சாகும். உப்பில்லாமல் காய்ந்த நெத்தலியே போடுங்கள். மாரியில் பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் புண்ணாக்கையும் வெயிலில் காயவைத்துப் பாவிக்காதீர்கள். பூஞ்சணம் சாகலாம், அது விட்ட நஞ்சு ஈரலை அழிக்கும்.

ஊசியும் மருந்தும்

ராணிக்கெட் நோய் வந்தால் மருந்தில்லை; ஒரு கிழமையில் கூடு வெறுமையாகும். தடுப்பு மருந்து கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்கலாம். வழமையாக முதல் கிழமையில் கண்ணில் ஒரு துளி, மூன்றாம் நான்காம் கிழமையில் மீண்டும், பிறகு வைத்தியர் சொல்லும் இடைவெளியில். சின்னக் கோழி என்று அரைத் துளி விடாதீர்கள். ஒரு துளிதான் ஒரு அளவு. குப்பியை ஐஸில் கொண்டுவந்து, கரைத்த பின் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு குப்பி நூற்றுக்கு மேற்பட்ட கோழிக்கு வரும். ஆகவே ஒழுங்கையில் உள்ள வீடுகள் ஒரே காலையில் சேர்ந்து போடுவது எல்லோருக்கும் பாதுகாப்பு. கோழி அம்மையை நுளம்பு பரப்பும்; அதற்குரிய ஊசியை மாரிக்கு முன்பே செட்டைத் தோலில் போடுவித்துவிடுங்கள். புழு மருந்து அந்த ஒரு துளிக் கணக்குக்கு நேர்மாறு: அதை உடல் நிறையைப் பார்த்துத்தான் அளக்க வேண்டும். 600 கிராம் பேட்டுக்கு ஊர்க்கோழியின் அளவைக் கொடுத்தால் கூடிவிடும். செதில்காலுக்கு வேப்பெண்ணெயைக் கிழமைக்கு ஒருமுறை நான்கு கிழமை பூசுங்கள். கூட்டின் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கலந்து வைத்தால் கோழி தானே குளித்துப் பேனைக் குறைக்கும்.

அடை

பாண்டம் பேடு தன் முட்டை எட்டு, பத்து மூடும். ஊர்க்கோழி முட்டையென்றால் ஐந்து, ஆறுதான். கூட வைத்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு முட்டை வெளியே தள்ளப்பட்டுக் குளிரும், கடைசியில் ஒன்றுமே ஒழுங்காகப் பொரிக்காது. முட்டையைக் கழுவாமல், கூர்ப்பக்கம் கீழே வைத்து, குளிர்ந்த இடத்தில் ஏழு நாள் வரை சேர்க்கலாம். ஏழாம் இரவு ரோச் வெளிச்சத்தில் நரம்போடாத முட்டையை எடுத்துவிடுங்கள். 21 நாளில் பொரிக்கும். சின்ன முட்டை ஒரு நாள் முந்தலாம்.

பாண்டம் குஞ்சு மிகச் சின்னது. தண்ணீர்ச் சட்டியில் விழுந்து சாவதுதான் முதல் கிழமையின் பெரிய இழப்பு. ஆழமில்லாத மூடியில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விடுங்கள். தாயோடு கரப்புக்குள் மூன்று கிழமை வைத்து, குஞ்சுத் தீனோடு கறையான் புற்றுத் துண்டை இடையிடையே போடுங்கள். ஒரு மாதம் முடிந்த பின், காகமும் பருந்தும் குறைந்த பின்னேரங்களில் முதலில் திறந்துவிடலாம்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சேவலை மாற்றுங்கள். தகப்பனும் மகளும் தொடர்ந்து சேர்ந்தால் கருக்கூடுவது குறையும், விரல் கோணும், உடம்பு மேலும் சிறுக்கும். வேறு ஊர்க்காரரோடு சேவலுக்குச் சேவல் மாற்றிக்கொள்வது செலவில்லாத வழி. வந்த சேவலையும் அதே மூன்று கிழமை தனியே வைத்த பிறகு, இரவில் தடியில் கொண்டுபோய் வையுங்கள். விடியும்போது பேடுகள் அதைக் குறைவாகவே கொத்தும்.